ஊசியும் அமானிதமும்

கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்திற்கு அருகே அர்-ரஹ்மான் என்னும் பெயர் தாங்கிய பள்ளிவாசல் ஒன்று உண்டு. மாணவர்களும் ஊராரும் தொழுகைக்கு வந்து செல்லும் பள்ளிதான். 2010ஆம் ஆண்டில் அப்பள்ளிக்குப் புதியவர்கள் சிலர் வரத் தொடங்கினர். ஹெராயின் என்னும் கொடிய போதைப்பொருளுக்கு அடிமைப்பட்டு, குடும்பத்தாலும் கைவிடப்பட்டவர்கள் அவர்களுள் பலர். பள்ளியின் வளாகத்திலேயே அவர்களுக்கு மெத்தடோன் என்னும் மருந்து தரப்பட்டது. மருந்தை அருந்திய பின் தொழுகையிலும் மார்க்கப் பாடத்திலும் அவர்கள் கலந்துகொள்ள வழி செய்யப்பட்டது. பல்கலைக்கழகத்தின் போதை மருத்துவ அறிஞர்களும் பள்ளியின் பொறுப்பாளர்களும் சேர்ந்து செய்த ஏற்பாடு அது.

இதை நான் சொன்னபோது என் நண்பர் ஒருவர் முகம் சுளித்தார். மார்க்கப் பற்றும் நல்ல உள்ளமும் உடையவர் அவர். "அல்லாஹ்வின் இல்லத்தில் போதை மருந்தா?" என்றார். மெத்தடோன் போதைக்காகத் தரப்படுவதன்று, மருத்துவர் அளந்து நாளுக்கு ஒருமுறை கொடுப்பது, அதை அருந்தியவனுக்கு ஹெராயின் கிடைக்காத வேதனை ஒரு நாள் முழுதும் அடங்கியிருக்கும், அவன் வேலைக்குப் போகலாம், பிள்ளைகளோடு உட்கார்ந்து உண்ணலாம், நோன்பு மாதத்தில் மருந்தின் நேரத்தை இரவுக்கு மாற்றிக்கொண்டு நோன்பும் நோற்கலாம் என்றெல்லாம் விளக்கினேன். சற்று இறங்கி வந்தார். ஆனால் அடுத்தாற்போல் ஒரு கேள்வி கேட்டார். "மருந்து சரி, ஒப்புக்கொள்கிறேன். போதை ஏற்றிக்கொள்வதற்கென்றே புத்தம்புது ஊசியை இலவசமாகக் கொடுக்கிறார்களாமே, அது எந்த மருத்துவத்தில் சேர்ந்தது? அது பாவத்திற்குத் துணைபோவதாகாதா?"

இக்கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. பாவத்திற்கும் வரம்பு மீறலுக்கும் நாம் ஒருவருக்கொருவர் துணைபோகலாகாது என்பது திருமறை நமக்கு இட்ட கட்டளை. மது அருந்துபவன் மட்டுமன்றி அதைப் பிழிபவனும் சுமப்பவனும் விற்பவனும் குற்றத்தில் பங்காளிகள் என்றே நாம் படித்திருக்கிறோம். அப்படியிருக்க, போதை ஊசியைக் கொண்டுபோய்க் கொடுப்பவன் எந்தப் பட்டியலில் சேர்வான்? விடை தேடுமுன் அந்த நாட்டில் நிகழ்ந்தது என்னவென்று தெரிந்துகொள்வோம்.

மலேசியாவில் எச்.ஐ.வி. நோய்க்கிருமி முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல். நம் சென்னையிலும் அதே ஆண்டில்தான் கண்டறியப்பட்டது. ஆனால் இரண்டு இடங்களிலும் அது நடந்த பாதை வேறு. மலேசியாவில் அது பெரும்பாலும் ஊசிவழி நடந்தது. ஹெராயினைக் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்பவர்கள் நாலைந்து பேராக ஒளிந்திருந்து ஒரே ஊசியைக் கைமாற்றிக் கொள்வார்கள். ஒருவனுடைய குருதி ஊசிக்குழலில் சிறிதளவு தங்கிவிடும். அது அடுத்தவன் உடம்பில் இறங்கும். ஏன் ஒரே ஊசி? வாங்கப் பணமில்லை என்பது ஒரு காரணம். காவலர் சோதிக்கும்போது சட்டைப்பையில் ஊசி இருந்தால் அதுவே குற்றத்திற்குச் சான்றாகிவிடும் என்ற அச்சம் அதைவிடப் பெரிய காரணம். ஊசியைத் தன்னிடம் வைத்துக்கொள்ள அஞ்சியவன், பிறன் ஊசியை நாடினான். போதையைத் தடுக்க இயற்றிய சட்டமே நோயைப் பரப்பும் வாய்க்காலாகவும் ஆகிவிட்டது.

2002ஆம் ஆண்டில் மட்டும் 6,978 பேருக்குப் புதிதாக இக்கிருமி இருப்பது அங்கே பதிவாயிற்று. அவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் ஊசியால் நோயுற்றவர்கள். பெரும்பாலோர் மலாய் முஸ்லிம்கள். ஊசியையே கண்ணால் கண்டிராத மனைவியருக்கும், அவர்கள் வயிற்றில் இருந்த சிசுக்களுக்கும் நோய் சென்றது. மனைவியின் நிலையை நண்பர் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். ஊசி வேண்டாம் என்று நாம் விலக்கும்போது விலக்குவது அந்தக் கணவனை மட்டுமன்று.

அரசு வாளாவிருக்கவில்லை. 1983 முதற்கொண்டு அடிமைப்பட்டோரைப் பிடித்து இரண்டாண்டுகள் வரை அடைத்துவைத்துத் திருத்தும் நிலையங்களை நடத்திற்று. ஒழுங்கும் உடற்பயிற்சியும் மார்க்கபோதனையும் அங்கே இருந்தன. குறை சொல்ல நமக்கு என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் வெளியே வந்தவர்களின் கதி என்ன? அத்தகைய நிலையத்திலிருந்து விடுபட்டவர்களையும், தாமாக வந்து மெத்தடோன் பெற்றுச் சென்றவர்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்து 2017இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. அடைபட்டிருந்தவர்களில் பாதிப்பேர் 31 நாட்களுக்குள் மீண்டும் பழைய பழக்கத்திற்குத் திரும்பிவிட்டனர். மருந்து பெற்றவர்களில் பாதிப்பேர் அந்த நிலைக்கு வர 352 நாட்கள் ஆயின. அவர்களிலும் திரும்பியவர்கள் இருக்கிறார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒரு மாதத்திற்கும் ஏறத்தாழ ஓர் ஆண்டுக்கும் உள்ள வேறுபாடு, ஒரு வீட்டில் அடுப்பு எரிவதற்கும் எரியாமற் போவதற்கும் உள்ள வேறுபாடு.

2005இல் மெத்தடோன் கொடுக்கும் திட்டமும், 2006இல் பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புதிய ஊசி கொடுக்கும் திட்டமும் அங்கே தொடங்கின. ஊசித் திட்டம் முதலில் நடைபெற்ற மூன்று இடங்களுள் பினாங்கும் ஒன்று. நம்மவர்களில் எத்தனையோ குடும்பங்களின் பாட்டனார் கப்பலேறிப் போய்க் கடை வைத்த ஊர் அது; நம்மவர்கள் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இன்றும் அங்கே நிற்கிறது. ஆதலால் இதை ஏதோ அயலார் கதையென்று நாம் படிக்க வேண்டியதில்லை.

திட்டம் வருமுன் எதிர்ப்பு இருந்தது. மார்க்க அறிஞர் சிலரும் எதிர்த்தார்கள். என் நண்பர் கேட்ட அதே கேள்வியைத்தான் அவர்களும் கேட்டார்கள். அவர்களோடு வாதிட்டு வெல்லுவதைவிட அமர்ந்து பேசுவதே நலம் என்று மருத்துவர்களும் தொண்டர்களும் கருதியது நல்லதாயிற்று. ஜாகிம் எனப்படும் மலேசிய இஸ்லாமிய முன்னேற்றத் துறையும் பிற்பாடு இப்பணியில் கைகோத்தது, இமாம்களுக்கு எச்.ஐ.வி. பற்றி விளக்கும் கையேட்டையும் ஆக்கித் தந்தது.

இனி, கேள்விக்கு வருவோம். இரண்டு தீங்குகள் எதிரெதிரே வந்து நிற்கும்போது, இரண்டையும் தவிர்க்க இயலாதென்றால், சிறியதைப் பொறுத்துப் பெரியதை விலக்குதல் நம் ஃபிக்ஹுக் கலையில் பலகாலமாக நிலைபெற்ற விதி. பசியால் உயிர்போகும் நிலையில் உள்ளவனுக்கு ஹராமான உணவும் உயிர் தங்கும் அளவுக்கு அனுமதிக்கப்படுவதை நாம் அறிவோம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் மார்க்கச் சட்டத்தின் நோக்கங்களை ஐந்தாக வகுத்தபோது மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, உடைமை ஆகியவற்றைக் காத்தலென்று கூறினார்கள். போதை அறிவைக் கெடுக்கிறது, ஐயமில்லை. ஆனால் நோய் உயிரைக் கொள்ளுகிறது, சந்ததியையும் தொடுகிறது. அறிவு கெட்டவன் உயிரோடு இருந்தால் ஒருநாள் தெளியக்கூடும். இறந்தவனுக்குத் தவ்பாவின் வாசல் அடைபட்டுவிடுகிறது.

இப்னு தைமிய்யா அவர்களைப் பற்றிய நிகழ்ச்சி ஒன்றை அவருடைய மாணவர் இப்னுல் கய்யிம் பதிவு செய்திருக்கிறார். அவருடைய பிற கருத்துகளில் நம்மில் பலருக்கு உடன்பாடு இல்லை. அந்த வழக்கை இங்கே இழுக்க வேண்டாம், நிகழ்ச்சியைப் பார்ப்போம். தாத்தாரியர் படையெடுத்திருந்த காலம். அவர்களுள் சிலர் ஓரிடத்தில் கூடி மது அருந்திக்கொண்டிருந்தனர். உடன் சென்றவர்கள் அதைக் கண்டித்துத் தடுக்க முற்பட்டனர். அவர் தம் தோழர்களையே தடுத்தார். மது விலக்கப்பட்டது தொழுகையையும் இறைநினைவையும் விட்டு மனிதனை அது தடுப்பதால். இவர்களையோ அது கொலையிலிருந்தும் கொள்ளையிலிருந்தும் தடுத்துவைத்திருக்கிறது, விட்டுவிடுங்கள் என்பது அவர் சொன்னதன் கருத்து. மது ஹலாலாகிவிட்டது என்று அவர் சொல்லவில்லை. இந்த இடத்தில், இந்த மனிதர்களிடம், இப்போது தடுத்தால் விளைவது என்ன என்று பார்த்தார். சட்டம் தெரிந்தவர்கள் பலர்; விளைவைப் பார்க்கத் தெரிந்தவர்கள் சிலர்.

ஊசி கொடுப்பவனும் அப்படித்தான் பார்க்கிறான். அவன் கொடுக்காவிட்டால் மற்றவன் போதையை விட்டுவிடுவான் என்றால், கொடுப்பது துணைபோவதுதான். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மற்றவன் விடப்போவதில்லை. சாக்கடை ஓரத்தில் கிடந்த ஊசியை எடுத்துத் துடைத்துக் குத்திக்கொள்வான். மதுவைச் சுமப்பவன் இல்லாவிட்டால் குடிப்பவனுக்கு மது வந்து சேராது. ஊசியோ போதையைக் கொண்டுவருவதில்லை; முன்பே வந்துவிட்ட போதையோடு வரவிருந்த மரணத்தைத் தடுத்து நிறுத்துகிறது. இரண்டையும் ஒரே பட்டியலில் எழுதுவது கணக்கில் பிழை என்பதே என் துணிபு.

நண்பர் இதற்கும் ஒரு மறுப்புச் சொன்னார். அதையும் சொல்லிவிடுவது நேர்மை. "ஊசி கொடுப்பதைப் பார்க்கும் இளைஞன் இது பெரிய குற்றமன்று போலும் என்று எண்ணமாட்டானா?" பிள்ளைகளைப் பெற்றவர்கள் அனைவருக்கும் வரும் அச்சம் இது. உலகச் சுகாதார நிறுவனம் பல நாடுகளின் அனுபவங்களைத் தொகுத்து ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட அறிக்கை, ஊசித் திட்டங்களால் போதைப் பழக்கம் கூடியதற்கு ஏற்கத்தக்க சான்று இல்லை என்றே முடிவு கூறிற்று. அறிக்கை ஒருபுறமிருக்கட்டும். நரம்பெல்லாம் புண்ணாகி, எலும்பும் தோலுமாக, பழைய ஊசிகளை ஒரு குப்பியில் போட்டுக்கொண்டு வந்து நிற்கும் மனிதனைப் பார்த்து எந்த இளைஞனுக்கு ஆசை பிறக்கும்?

இதுவரை கொடுப்பதைப் பற்றிப் பேசினோம். கொடுப்பவர் யார் என்பது அதைவிடக் கருதத்தக்கது என்று எனக்குத் தோன்றுகிறது. கோலாலம்பூரில் சௌகிட் என்னும் பகுதி, பகலில் சந்தையும் இரவில் வேறு வணிகமுமாக இருக்கும் இடம். அங்கே 1990களின் தொடக்கத்திலிருந்தே, அதாவது அரசின் திட்டம் வருமுன்பே, போதைக்கு அடிமைப்பட்டவர்களுக்காகத் தொண்டர்கள் ஓர் இல்லம் நடத்தினர். இக்லாஸ் என்று அதற்குப் பெயர். பெயர் வைத்தவர்கள் எதை எண்ணி வைத்தார்களோ, மனத்தூய்மை என்னும் அச்சொல்லின் பொருள் நமக்குத் தெரியும். அங்கே வருபவன் குளிக்கலாம், துணி துவைக்கலாம், ஒருவேளை உண்ணலாம், புண்ணுக்கு மருந்து கட்டிக்கொள்ளலாம், சற்றுக் கண்ணயரலாம். எப்போது விடப்போகிறாய் என்பது முதல் கேள்வியாக இராது.

இத்தகைய இல்லங்களிலும் ஊசித் திட்டத்திலும் தெருத்தெருவாகச் சென்று தொண்டு செய்தவர்களில் பலர் முன்னர் அதே பழக்கத்தில் விழுந்து கிடந்தவர்கள். வெள்ளைச் சட்டை அணிந்த அதிகாரிக்குத் தெரியாத சந்துகள் அவர்களுக்குத் தெரியும். எந்தப் பாலத்தின் அடியில் யார் இருப்பார்கள், எந்த நேரத்தில் பேசினால் காதில் ஏறும் என்பதெல்லாம் அவர்கள் அனுபவித்து அறிந்தவை. காவலர் கெடுபிடி மிகுந்த நாட்களில் இல்லத்துக்கு வருவோர் குறைந்துவிடுவர். அப்போது இத்தொண்டர்கள்தாம் தேடிச் செல்ல முடியும். ஆனால் அவர்களிடம் இருந்த பெரிய செல்வம் வேறு. நீ இழிந்தவன் என்ற பார்வை அவர்கள் கண்ணில் இராது. தானும் அங்கிருந்து வந்தவன் ஆதலால் அவனுக்கு அப்படிப் பார்க்கத் தெரியாது.

நம் தருமங்கள் பெரும்பாலும் மேலிருந்து கீழே நீட்டப்படும் கைகளாகவே இருந்து பழகிவிட்டன. பெறுபவன் பேசக்கூடாது, நன்றி மட்டும் சொல்லலாம். இங்கேயோ பெற வந்தவன் சில ஆண்டுகளில் கொடுப்பவனாகிறான். எங்கே ஊசி வைக்கலாம், எந்த நேரம் திறக்கலாம், எந்தச் சொல் புண்படுத்தும் என்று முடிவு செய்யும் இடத்தில் அவனும் அமர்கிறான். அது வெறும் நிருவாக வசதியென்று நான் கருதவில்லை. உன் அறிவு எங்களுக்குத் தேவை என்று ஒரு மனிதனிடம் சொல்லும்போது, அவனிடமிருந்து பறிபோன கண்ணியத்தின் ஒரு பகுதி திரும்பிவிடுகிறது.

பெருமானார் (ஸல்) அவர்கள் காலத்தில் ஒரு தோழர் இருந்தார். அவர்களைச் சிரிக்கவைக்கும் இயல்புடையவர். மதுப்பழக்கத்தை அவரால் விட முடியவில்லை. மீண்டும் மீண்டும் கொண்டுவரப்பட்டார். மீண்டும் மீண்டும் தண்டனையும் பெற்றார். ஒருமுறை அங்கிருந்த ஒருவர் பொறுமையிழந்து, எத்தனை முறைதான் இவன் வருவான் என்று சபித்தார். பெருமானார் சபித்தவரைத் தடுத்தார்கள். அந்த மனிதர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்பதற்குத் தாமே சாட்சி சொன்னார்கள். தண்டனை இல்லை என்றாகவில்லை. பழக்கம் சரியென்றும் ஆகவில்லை. ஆயினும் அவர் சபையை விட்டு வெளியேற்றப்படவில்லை. இந்நிகழ்ச்சியைப் பயான்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அந்தத் தோழர் இன்று நம் தெருவில் நடந்து வந்தால் அடையாளம் கண்டுகொள்வோமா என்று எண்ணியதுண்டா?

ஈரான் நாட்டிலும் இதே வழக்கு நடந்தது. கெர்மான்ஷா நகரில், சிறைகளில் ஊசிவழி பரவிய நோயைக் கண்டு மனம் வருந்திய இரு மருத்துவச் சகோதரர்கள், போதை, எச்.ஐ.வி., பாலியல் நோய் ஆகிய மூன்றுக்கும் ஒரே கூரையின்கீழ் மருத்துவம் செய்யும் நிலையத்தை உருவாக்கினர். பிற நகரங்களும் அதைப் பின்பற்றின. 2005இல் அந்நாட்டு நீதித்துறையின் தலைவராயிருந்த ஆயத்துல்லா ஷாஹ்ரூதி, ஊசியும் மெத்தடோனும் கொடுக்கும் மருத்துவப் பணியாளர்களைப் பாவத்திற்குத் துணைநின்றவர்களாகக் கருதி வழக்குத் தொடுக்க வேண்டாமென்று நீதித்துறையினருக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். போதைக் குற்றத்திற்குத் தூக்குத்தண்டனை விதிக்கும் நாட்டில் வந்த சுற்றறிக்கை அது. அந்தச் சகோதரர்கள் பின்னர் 2008இல் வேறு குற்றச்சாட்டின் பேரில் சிறைப்பட்டதும் வரலாறுதான்.

மலேசியாவில் விளைவு என்ன? 2010ஆம் ஆண்டளவில் புதிய நோயாளர் தொகை 4,000க்கும் கீழே இறங்கிற்று. முதல் எட்டு ஆண்டுகளில் 12,000க்கு மேற்பட்டவர்கள் இந்நோய்க்கு ஆளாகாமல் தப்பினர் என்பது அறிஞர்கள் செய்த மதிப்பீடு. ஒருகாலத்தில் நான்கில் மூன்று பங்காக இருந்த ஊசிவழித் தொற்று, அண்மை ஆண்டுகளில் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவாகிவிட்டது.

இங்கே முடித்துக்கொண்டால் மகிழ்ச்சியான கட்டுரையாக இருக்கும். முடிக்க இயலவில்லை. ஊசிவழி அடைபட்ட பின்பு, அங்கே இப்போது புதிதாக வரும் தொற்றில் மிகப் பெரும்பங்கு பாலுறவு வழியே வருவது. அதிலும் பெரும்பாலோர் நம் மார்க்கம் கண்டிக்கும் உறவுகளில் சென்றவர்கள். தெருவில் உடலை விற்கும் பெண்களும், நாம் பெயர் சொல்லவும் கூசுகின்ற திருநங்கையரும் அவர்களோடு ஒதுக்கப்பட்டவர்கள். ஊசி கொடுக்க ஒப்பிய மனங்கள் இங்கே தயங்கின. அடிமைப்பட்டவனை நோயாளி என்று கொள்ள முடிந்தது. இவர்களை அப்படிக் கொள்ள முடியவில்லை. இவர்களுக்குத் தொண்டு செய்வோர் ஒளிந்து செய்யவேண்டியிருக்கிறது. ஒளிந்து செய்யும் தொண்டுக்குப் பரிசோதனைக்கு வருவோரும் குறைவு. இத்தனைக்கும் இன்று நோயாளி நாள்தோறும் மாத்திரை உண்டு, கிருமி அளவிட முடியாத நிலைக்கு இறங்கிவிட்டால், அவர் துணைக்கு உறவின் வழியே நோய் செல்வதில்லை என்று மருத்துவம் உறுதிசெய்துவிட்டது. பரிசோதனைக்கு வரச் செய்வதுதான் கடினம். வெட்கமும் அச்சமும் அந்த வாசலில் நிற்கின்றன.

பிற நாட்டாரைச் சொல்லிவிட்டு நான் தப்பிக்கலாகாது. பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊரில் சபுராளி ஒருவர் நோயோடு திரும்பி வந்து மௌத்தானார். என்ன நோயென்று யாரும் வாய்திறந்து சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மையித்தைக் குளிப்பாட்ட வழக்கமாக வருபவர் உடல்நலமில்லை என்று சொல்லியனுப்பிவிட்டார். மறைந்தவரின் தம்பி ஒருவரே கையுறை அணிந்து, கதவைச் சாத்திக்கொண்டு, அண்ணனைக் குளிப்பாட்டிக் கஃபனிட்டார். தண்ணீர் எடுத்துக் கொடுக்கவேனும் ஓர் ஆள் வேண்டுமென்று அவர் உள்ளிருந்து கேட்டார். வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றோம். பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர்தாம், அவர் நம் மார்க்கத்தவரல்லர், செருப்பைக் கழற்றிவிட்டு வாளியைத் தூக்கினார். நான் படித்தவன், தொட்டால் ஒட்டாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

என் நண்பருக்கு ஊசியைப் பற்றிய விடையை ஒருவாறு சொல்லிவிட்டேன் என்றே எண்ணுகிறேன். இரண்டாவது கேள்வி என்னிடமே நிற்கிறது. சிறு தீங்கைப் பொறுத்துப் பெருந்தீங்கை விலக்கும் விதி, ஊசியோடு நின்றுவிடுமா? நாம் வெறுக்கும் செயலைச் செய்பவர்களிடமும் பாதுகாப்புச் சாதனத்தையும் மருந்தையும் கொண்டுசேர்க்கும் பணியை, அவர்களுள் ஒருவரே செய்யும்போது, அதற்கு ஒரு ஜமாஅத் எந்த அளவு இடம் தரலாம்? எந்த அளவுக்கு மேல் அது ஒப்புதலாக மாறும்? ஃபிக்ஹில் தேர்ந்த ஆலிம் பெருமக்கள் இதுபற்றி விரிவாக எழுதினால், வரும் இதழ்களில் படிக்க ஆவலோடு இருக்கிறேன்.